உங்க வீட்டு வாத்துக்குக் குளிருதா?

மார்கழி பிறந்தால் போதும், ஊட்டி, கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு கவலை கூடவே பிறந்துவிடும். காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் புல்தரை முழுக்க உப்பைக் கொட்டின மாதிரி உறைபனி. சில நாட்களில் பக்கெட் தண்ணீரின் மேல் கண்ணாடி போல ஓர் ஏடு கூடக் கட்டியிருக்கும். நாம் ஸ்வெட்டர், மஃப்ளர், சாக்ஸ் என்று மூட்டையாக நிற்போம். அந்த வெள்ளைத் தரையில் வெறுங்காலோடு, எதுவுமே நடக்காத மாதிரி நாலு வாத்துகள் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருக்கும். "பாவம்மா... அதுக்குக் குளிராதா?" என்று குழந்தைகள் கேட்கும்.

கேட்டதும் நமக்கு மனசு பொறுக்குமா? கூண்டைச் சுற்றி பாலிதீன் ஷீட்டை இழுத்துக் கட்டுவோம். இருக்கிற சந்து பொந்தை எல்லாம் சாக்கால் அடைப்போம். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், உள்ளே ஒரு கரி அடுப்பையும் வைத்துவிடுவார்கள்.

இந்தப் பிரியம்தாங்க ஆபத்து! நன்றாக இறகு முளைத்த, ஆரோக்கியமான வாத்துக்கு நம் மலைக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு எதிரிகள் வேறே. ஈரம், எதிர்க்காற்று, மூடிய கூண்டின் புழுக்கம், குடிக்கத் தண்ணீர் இல்லாமை... இந்த நாலும்தான்.

பஞ்சு மெத்தையோடு பிறந்த பறவை

வாத்தின் உடம்புச் சூடு எவ்வளவு தெரியுமா? 41, 42 டிகிரி சென்டிகிரேடு. நமக்கு அவ்வளவு இருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வாத்துக்கு அதுதான் சாதாரணம். இந்தச் சூட்டை வெளியே விடாமல் காப்பாற்றுவது அதன் இறகு. மேலே வழவழவென்று தெரிவது மழைக்கோட்டு. அதற்கு அடியில் மெத்து மெத்தென்று ஒரு பஞ்சு அடுக்கு இருக்கிறது. அந்தப் பஞ்சுக்குள் மாட்டிக்கொண்ட காற்றுதான் உண்மையான கம்பளி. குளிர்நாடுகளில் விலை உயர்ந்த ரஜாய்களுக்குள் அடைப்பதும் இதே வாத்துப் பஞ்சைத்தான்.

வால் தொடங்கும் இடத்தில், முதுகுப் பக்கமாக, ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. வாத்து அடிக்கடி கழுத்தைத் திருப்பி அங்கே அலகைத் தேய்த்து, பிறகு உடம்பெல்லாம் கோதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகு பார்ப்பது இல்லை, மழைக்கோட்டுக்கு மெருகு போடுவது!

"அதெல்லாம் சரி, அந்த வெறும் கால்?" என்று கேட்பீர்கள். காலுக்குள் இறங்கும் சூடான ரத்தக் குழாயும், பாதத்திலிருந்து மேலே ஏறும் குளிர்ந்த ரத்தக் குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டியே போகின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை ஏறுகிற ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பாதத்துக்குப் போவது உறைந்துபோகாமல் இருக்கத் தேவையான அளவு சூடு மட்டும்தான். அதனால் பாதம் ஜில்லென்று இருந்தாலும் உடம்புச் சூடு தரைக்குப் போய் வீணாவதில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ, கால் ஐஸா இருக்கே!" என்று பதற வேண்டாம்.

ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு தூங்குகிறதா? அதுவும் நோய் இல்லை. இறகு இல்லாத இடங்களை உள்ளே இழுத்து வைத்துச் சூட்டை மிச்சம் பிடிக்கிறது.

நம் வேடந்தாங்கலுக்கு வருகிற ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கே எங்கிருந்தோ புறப்பட்டு வருகின்றன. குளிருக்குப் பயந்தா வருகின்றன? அங்கே குளம் குட்டையெல்லாம் உறைந்து இரை கிடைக்காமல் போவதுதான் பெரிய காரணம். வயிற்றுக்குக் கிடைத்தால் கடும் குளிரிலும் தங்கிவிடுகிற வாத்துகள் உண்டு. வட அமெரிக்காவில் பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழே போகிற ஊர்களில்கூட வீட்டில் வாத்து வளர்க்கிறார்கள். ஊட்டி உறைபனி அதோடு ஒப்பிட்டால் இளங்குளிர்தான்.

கூண்டு: மேலே திறப்பு, கீழே அடைப்பு

சரி, அப்படியானால் வாத்துக்கு வீடே வேண்டாமா? வேண்டும். குளிருக்காக மட்டும் இல்லை, மழைக்கும் காற்றுக்கும் கீரி, மரநாய், காட்டுப்பூனைக்கும் சேர்த்து. நீலகிரியில் பல இடங்களில் சிறுத்தையும் ராத்திரி வீட்டு வாசல் வரை வருகிறது. இருட்டுகிற நேரத்தில் உள்ளே விட்டுக் கதவைத் தாழ் போடுவது கட்டாயம்.

கூண்டை எங்கே வைப்பது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். வாத்துக்குத் தண்ணீர் பிடிக்குமே என்று தோட்டத்தின் பள்ளமான, ஈரமான மூலையில் வைப்பார்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். உறைபனி முதலில் விழுவதும், கடைசியில் கரைவதும் அங்கேதான். ஆகவே கொஞ்சம் மேடான இடம், காலை வெயில் சீக்கிரம் படுகிற இடம் பாருங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது.

ஒரு வாத்துக்கு மூணு, நாலு சதுர அடி இடம் போதும். ரொம்பப் பெரிய கொட்டகையில் இரண்டே வாத்து என்றால், அவை விடுகிற சூடு அங்கே நிற்காது. வாத்துகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துதான் கதகதப்பு தேடும். ஒற்றை வாத்து வளர்ப்பது எந்தக் காலத்திலும் சரியில்லை, குளிர்காலத்தில் சுத்தமாகச் சரியில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வாத்து விடுகிற மூச்சில் ஈரம். எச்சத்தில் அதைவிட ஈரம். கோழி எச்சத்தைப் பார்த்தவர்கள் வாத்து எச்சத்தைப் பார்த்தால் அசந்துபோவார்கள், அவ்வளவு தண்ணி! சந்தில்லாமல் மூடிய கூண்டில் இந்த ஈரம் எங்கே போகும்? கூரையில் பட்டு, துளித்துளியாகி, வாத்தின் முதுகிலேயே சொட்டும். வைக்கோல் நனையும். நனைந்த எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். கண்ணும் மூச்சுக்குழலும் எரிந்து, சளி பிடித்து, கடைசியில் "குளிர் தாங்கல, செத்துப்போச்சு" என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

அதனால் வாத்தின் தலை உயரத்துக்குக் கீழே காற்று புகக் கூடாது, தலைக்கு மேலே காற்று போக வழி இருக்க வேண்டும். கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிராக, கைச்சாண் அகலத்துக்கு இரண்டு திறப்பு விட்டு, அரை அங்குலக் கம்பி வலை அடித்துவிடுங்கள். வாத்து கோழி மாதிரி கம்பில் ஏறி உட்காராது, தரையில்தான் படுக்கும். ஆகவே மேலே போகிற காற்று அதன் மேல் நேராக அடிக்காது.

ஒரு சின்னப் பரீட்சை சொல்கிறேன். விடிகாலையில் கூண்டுக் கதவைத் திறந்ததும் குனிந்து, வாத்தின் உயரத்துக்கு உங்கள் மூக்கை வைத்துப் பாருங்கள். குப்பென்று ஏறுகிறதா? கண் கரிக்கிறதா? உள்சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறதா? திறப்பு போதவில்லை. பாலிதீனைக் கழற்றிவிடுங்கள்.

தரை சிமென்ட்டாக இருந்தால் அது சூட்டை உறிஞ்சும். ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் ஐந்தாறு அங்குலத்துக்கு வைக்கோலோ, தச்சுப்பட்டறை மரச்சீவலோ பரப்புங்கள். நைசான மரத்தூள் வேண்டாம். தூசி கிளம்பும், வாத்து அதைத் தின்றும் வைக்கும். தினமும் காலையில் நனைந்த இடத்தை மட்டும் வாரிப் போட்டுவிட்டு மேலே கொஞ்சம் புதுசு தூவினால் போதும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது, அதுதான் கணக்கு. பூஞ்சை வாடை அடிக்கிற பழைய வைக்கோலை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அந்தப் பூஞ்சைத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டால் மருந்து கொடுத்தும் காப்பாற்றுவது கஷ்டம்.

உறைபனியைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் வாத்துக்குச் சிரமம். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். நாள் கணக்கில் சாரல், சேறு, கூடவே காற்று. மழை அடிக்கிற பக்கத்தில் ஒரு தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டி, கூண்டு வாசலில் ஜல்லியோ மணலோ கொட்டிச் சேற்றைக் குறையுங்கள். மார்கழி உறைபனி அதற்கப்புறம் வரும் வறண்ட குளிர். வாத்து அதை அலட்சியமாகத் தாங்கும்.

கரி அடுப்பா? வேண்டவே வேண்டாம்!

மலை ஊர்களில் மூடின அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, இருமல்கூட வராது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், அப்புறம்... அவ்வளவுதான்.

பறவைகளுக்கு இது நமக்கு முன்னாலேயே பாதிக்கும். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கூண்டில் எடுத்துப் போவார்கள். குருவி தள்ளாடினால் ஆட்கள் வெளியே ஓடி வந்துவிடுவார்கள். 1986-ல்தான் அந்த வழக்கத்துக்கு விடை கொடுத்தார்கள். அப்படியானால் மூடின கூண்டுக்குள் கரி அடுப்பு வைத்தால் வாத்து என்ன ஆகும்?

இன்னொன்று, குளிர் அதிகம் என்று வாத்துகளை அட்டைப் பெட்டியில் போட்டுக் குழந்தைகள் படுக்கிற அறைக்கே கொண்டுவந்து, "வாத்துக்கும் சேர்த்து" அங்கே அடுப்பு மூட்டுகிற வீடுகளும் இருக்கலாம். அந்த அறையில் ஆபத்து வாத்துக்கு மட்டுமா? கரி அடுப்போ, மண்ணெண்ணெய் அடுப்போ, ஜன்னலைச் சாத்திய அறையில் எரியவே கூடாது. சமையலறையில் வாத்தை வைத்தாலும் கவனம் வேண்டும். நான்ஸ்டிக் தவா வெறுமையாகக் காய்ந்து கிளம்புகிற ஆவி பறவைகளைக் கொன்றுவிடும்.

வீட்டுக்குள்ளே இரண்டு நாள், வெளியே இரண்டு நாள் என்று மாற்றி மாற்றி வைப்பதும் தப்பு. குளிர் மெல்ல மெல்லக் கூடும்போது உடம்பு பழகிக்கொள்ளும். சூடான அறையில் வாரக்கணக்கில் வைத்துவிட்டுத் திடீரென்று உறைபனியில் விட்டால்தான் தாங்காது.

தண்ணீர்... தண்ணீர்!

வாத்துக்குத் தண்ணீர் இல்லாமல் தீனி இறங்காது. ஒரு வாய் தின்னும், உடனே ஓடிப்போய் ஒரு வாய் குடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு வாத்துக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை தேவைப்படும். பக்கெட்டில் ஏடு கட்டிக் கிடந்தால் தீனி முன்னால் இருந்தும் அது பட்டினிதான்.

காலையில் முதல் வேலையாக ஏட்டை உடைத்துக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், விரல் வைத்தால் சுகமாக இருக்கிற சூடு போதும். பாத்திரம் முக்கியம். தட்டையான தட்டு உதவாது. அலகும் மூக்குத் துளையும் முழுக முங்கி எடுக்கிற ஆழம் வேண்டும். அப்படி முங்கித்தான் மூக்கையும் கண்ணையும் சுத்தம் செய்துகொள்ளும். இது இல்லாத வாத்துக்குக் கண் பீளை தள்ளி ஒட்டிக்கொள்ளும். உலோகப் பாத்திரத்தைவிடக் கெட்டியான ரப்பர் தொட்டி தேவலை. சீக்கிரம் உறையாது, வெயிலில் வைத்தால் தானாகவே இளகும்.

ராத்திரி கூண்டுக்குள் தண்ணீர் வைக்கலாமா? வைத்தால் விடிவதற்குள் மொத்த வைக்கோலும் நனைந்திருக்கும்! தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சாயங்காலம் இரண்டையும் நன்றாகக் கொடுத்து உள்ளே விடுங்கள், காலையில் வெளியே விட்டதும் இரண்டும் தயாராக இருக்கட்டும். தீனியை மட்டும் உள்ளே வைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்துவிடுவதுதான் கூடாத காரியம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

"குளிர்காலத்தில் குளிக்க விடலாமா?" தாராளமாக! குளித்தால்தான் கோதும், கோதினால்தான் எண்ணெய் பரவும். வெயில் ஏறின பிறகு, பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு ஒரு டப்பில் தண்ணீர் வைத்து விடுங்கள். இருட்டுவதற்குள் உடம்பு உலர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் குளிப்பாட்டாதீர்கள். சோப்பு, ஷாம்பு பட்டால் இறகின் எண்ணெய் போய், அடுத்த முறை நனையும்போது தண்ணீர் பஞ்சு வரை இறங்கிவிடும். "சூடு உண்டாகட்டும்" என்று தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவுவதும் அப்படியே. நாம் தடவுகிற எண்ணெய் இறகுகளை ஒட்ட வைத்துப் பஞ்சிலிருக்கும் காற்றை வெளியேற்றிவிடும். கம்பளியைப் பிடுங்கின மாதிரிதான்.

தீனி

குளிரில் வாத்து வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தின்னும். விடுங்கள், அடுப்புக்கு விறகு அது. முட்டைக் கோழித் தீவனம் கொடுப்பவர்கள் அதையே தொடரலாம். சாயங்காலம் கூண்டில் அடைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி உடைத்த மக்காச்சோளமோ கோதுமையோ கூடுதலாகப் போடுங்கள். ராத்திரி முழுக்க அது மெல்லச் செரித்துச் சூடு கொடுக்கும். ஊட்டிப் பட்டாணி, துருவின கேரட், பொடியாக நறுக்கின முட்டைக்கோஸ் இலை எல்லாம் கொடுக்கலாம். மருந்தடித்த இலையை நன்றாகக் கழுவிவிடுங்கள். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கும் அதன் தோலும் விஷம், ஆகாது. பிரெட், பிஸ்கட், மிக்சர் எல்லாம் வயிறு நிரப்புமே தவிர சத்து கிடையாது.

நம் ஊரில் பலர் கவனிக்காத ஒன்று, கடலைப் பிண்ணாக்கு. மழைக்கால ஈரத்தில் பிண்ணாக்கும் சோளமும் சுலபமாகப் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை உண்டாக்குகிற அஃப்ளடாக்சின் என்ற விஷம் வாத்தின் ஈரலைத்தான் குறிபார்க்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தேடிப் பார்த்தால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த விஷம்! அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அஃப்ளடாக்சினையே உலகம் அடையாளம் கண்டது. பண்ணைப் பறவைகளிலேயே இதற்கு மிகவும் நோஞ்சான் வாத்துதான். ஆகவே தீனியைப் பதினைந்து நாளைக்கு மட்டும் வாங்குங்கள், மூடி போட்ட டின்னில், தரையில் படாமல் வையுங்கள். லேசாகக் கட்டி கட்டியிருந்தாலும், நிறம் மாறியிருந்தாலும் குப்பையில் போடுங்கள். "வாத்துதானே, தின்னட்டும்" என்று நினைக்காதீர்கள்.

குஞ்சுகளின் கதை வேறு

மேலே "குளிர் ஒரு பொருட்டே இல்லை" என்று சொன்னதெல்லாம் பெரிய வாத்துக்கு. மஞ்சள் பந்து மாதிரி இருக்கிற குஞ்சுக்கு அது பொருந்தாது. அதற்கு இன்னும் மழைக்கோட்டு முளைக்கவில்லை. தாயோடு இருக்கிற குஞ்சுக்குத் தாயின் சூடு கிடைக்கும், அதன் இறகின் எண்ணெயும் ஒட்டும். கூடையில் வாங்கி வந்த குஞ்சுக்கு இரண்டும் கிடையாது. "வாத்துக் குஞ்சாச்சே, நீந்தட்டும்" என்று பக்கெட்டில் விட்டால், அரை மணியில் நனைந்து விறைத்துவிடும்.

முதல் வாரம் சுமார் 32 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூணு டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் சூடு போதாது. மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது.

பல்பு என்றதும் ஒரு விஷயம். முன்பெல்லாம் 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். இப்போது வீடெங்கும் எல்.இ.டி. அது வெளிச்சம் கொடுக்கும், குஞ்சுக்குப் போதுமான சூடு கொடுக்காது! குண்டு பல்போ, குஞ்சுகளுக்கென்றே விற்கிற சூடு பல்போ கேட்டு வாங்குங்கள். ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டி, சுற்றிலும் கம்பி வலை போட்டு, வைக்கோலிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிறுத்துங்கள். பல்பு விழுந்து வைக்கோல் பற்றிக்கொண்டால் கொட்டகையே போய்விடும். ஏழு, எட்டு வாரத்தில் இறகு நிறைந்ததும் மெல்ல வெளியே பழக்கலாம்.

மணிலா வாத்து வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மற்ற வீட்டு வாத்துகளுக்கு மூதாதை குளிர்நாட்டுக் காட்டு வாத்து. மணிலா வாத்துக்கோ பூர்வீகம் தென் அமெரிக்க வெப்பப் பிரதேசம். முகத்தில் சிவப்பாக இருக்கிற அந்தச் சதைக்கு இறகுப் போர்வையும் கிடையாது. கடும் உறைபனியில் அது வெளுத்து, பிறகு கறுத்துப் புண்ணாகலாம். உறைபனி நாட்களில் வெயில் ஏறிய பிறகே இவற்றை வெளியே விடுங்கள்.

எப்போது பயப்படணும்?

மற்றவை மேயும்போது ஒன்று மட்டும் ஒதுங்கி உட்காருகிறதா? இறகு நனைந்து பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறதா? நடுக்கம் நிற்கவில்லையா? வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா? நொண்டுகிறதா? உறைந்த கரடுமுரடான தரையில் நடந்து பாதத்தில் காயம் பட்டு, அடியில் கறுப்புப் பொருக்கோடு வீங்குவதும் உண்டு. இவற்றில் எதுவானாலும் அதைத் தனியே எடுத்து, உலர்ந்த துண்டால் ஒற்றி, அட்டைப் பெட்டியில் துணி விரித்துக் காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் குளுகோஸ் கலந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உறைந்துபோன பாதத்தைத் தேய்க்கக் கூடாது, சுடுதண்ணீரில் முக்கவும் கூடாது. தோல் உரிந்து வந்துவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட வாத்துகள் திடுதிப்பென்று சுருண்டு விழுந்தால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். 2014 நவம்பரில் கேரளத்தின் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கில் வாத்துகள் மடிந்தன. வலசைப் பறவைகள் வருகிற மாதங்கள் இவை. உங்கள் வாத்து காட்டுப் பறவைகளோடு ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரோக்கியமாகத் தெரிகிற வாத்தின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அதனால் கூண்டைச் சுத்தம் செய்தபின், வாத்தைத் தூக்கியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாத்துத் தண்ணீர் டப்பைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை குளிருக்கு இதமாக இருக்கிறதென்று வாத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கும். அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

முட்டை விஷயத்திலும் அப்படித்தான். பகல் குறைந்து, இறகு உதிர்ந்து முளைக்கிற சமயங்களில் வாத்து முட்டையைக் குறைத்துக்கொள்ளும். சாப்பிடுவதை எல்லாம் இறகுக்கும் உடம்புச் சூட்டுக்கும் செலவழிக்கிறது. கட்டாயப்படுத்த மருந்து தேடாதீர்கள், பகல் நீண்டதும் தானாக வைக்கும். கிடைக்கிற நாலு முட்டையை "சளிக்கு நல்லது" என்று ஆஃப்பாயிலாகவோ பச்சையாகவோ பாட்டிக்கும் பேரனுக்கும் கொடுக்க வேண்டாம். மஞ்சள் கரு கெட்டியாகும் வரை, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகவிட்டு, மிளகுத்தூள் தூவிக் கொடுங்கள்.